ஒரு எழுத்துதானே? சிறுவர் நூல் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். என் அடுத்த படப் புத்தகத்துக்கான ஒப்பந்தம் போன வாரம் உங்களில் ஒருவரிடமிருந்து வந்தது. இன்னார் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்வீர்கள். அதில் 'எழுத்தும் படமும்' என்று ஒரே வரி, எதிரே ஒரே ராயல்டி விகிதம், அதாவது விற்பனையில் எனக்கு வரும் பங்கு. எழுத்தாளர், ஓவியர் என்று இருவர் இருந்தால் ஆளுக்குப் பாதியாகப் பிரிப்பீர்களே, அந்தப் பாதி. ஏன் என்று கேட்டேன். "ரெண்டும் நீங்கதானே, ஒரே ஆளுதானே" என்றார்கள்.

ஆள் ஒன்றுதான். வேலை இரண்டு. கதைக்கு ஒரு பங்கு, படத்துக்கு ஒரு பங்கு கொடுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

முந்தைய புத்தகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வழக்கமான 32 பக்கம். பென்சில் டம்மிக்கு, அதாவது முழுப் புத்தகத்தையும் பென்சிலில் வரைந்து காட்டும் மாதிரிக்கு, நீங்கள் சம்மதம் சொன்ன பிறகுதான் வண்ணத்தில் கை வைத்தேன். கடைசிப் படத்தையும் அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது ஒரு திருத்தம் வந்தது. இருட்டும் நேரத்தில் குழந்தை தனியாக வெளியே போவது சரியில்லையாம். மாலையைக் காலை ஆக்கிவிடுங்கள், ஒரு எழுத்துதானே.

'மா'வை 'கா' ஆக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எழுத்தாளர் எழுந்து போய்விட்டார். அப்புறம் ஓவியர் உட்கார்ந்தார். ஆறு இரட்டைப் பக்கங்களில் செக்கச்சிவந்த வானம். நிழல் எல்லாம் எதிர்ப்பக்கம் விழ வேண்டும். கூட்டுக்குத் திரும்பும் பறவைகள் கூட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். சன்னல் விளக்குகளை அணைக்க வேண்டும். நாளெல்லாம் விளையாடி அழுக்கான சட்டையோடு பையன் நிற்கிறான். விடிந்ததும் சட்டை எப்படி அழுக்காகும்? அதையும் துவைத்துக் கொடுத்தேன். நீர்வண்ணத்தில் அழித்து வரைய வழியில்லை, ஒவ்வொன்றுக்கும் புதுத் தாள்தான். ஏழு வாரம் போயிற்று.

அந்த ஏழு வாரத்துக்குத் தனியாக ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு, "உங்க கதைதானே, நீங்கதானே மாத்தினீங்க" என்று பதில் வந்தது. ஓவியர் வேறொருவராக இருந்தால் இப்படிச் சொல்ல உங்களுக்கு வாய் வந்திருக்குமா?

எழுத்து வேறு, படம் வேறு என்பது உங்கள் அச்சகத்துக்கே தெரியும். அச்சில் ஒவ்வொரு மைக்கும் ஒரு தகடு. எழுத்தைத் திருத்தினால் கறுப்பு மைக்கான தகடு ஒன்றை மாற்றினால் போதும். வண்ணப் படத்தைத் திருத்தினால் நான்கு தகடும் மாற வேண்டும். விருது கொடுப்பவர்களுக்கும் தெரியும். சிறுவர் இலக்கியத்துக்கான சர்வதேச விருதான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது 1956இலிருந்து எழுத்தாளர்களுக்கு. ஓவியர்களுக்கென்று 1966இலிருந்து தனியாக ஒன்று. பத்து வருடத்தில் அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

இதையெல்லாம் சொன்னால் "பெயர் கிடைக்குமே" என்கிறீர்கள். பெயரை வைத்து வண்ணம் வாங்க முடிந்தால் இந்நேரம் நான் ஒரு கடையே வைத்திருப்பேன். புதிதாக வருகிறவர்களிடமோ 'மாதிரிக்கு' என்று இரண்டு மூன்று படங்களை இலவசமாக வாங்கிக்கொண்டு மௌனமாகிவிடுகிறீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வரைவதுதானே, பெரிய வேலையா என்ன!

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்ததைக் கேட்கிறேன். கதைக்கு ஒரு பங்கு, படத்துக்கு ஒரு பங்கு என்று ஒப்பந்தத்தில் தனித்தனியாகப் போடுங்கள். டம்மிக்குச் சம்மதம் சொன்ன பிறகு வருகிற மாற்றங்களுக்குத் தனியாகப் பணம் என்றும் அதிலேயே எழுதுங்கள். திருத்தம் சொல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை. காலை நேரத்தில் அந்தக் கதை இன்னும் நன்றாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

போன வாரம் வந்த ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் என் மேசைமேல் கிடக்கிறது. அந்த ஒரு வரியைத் தயவுசெய்து இரண்டாக்கி அனுப்புங்கள். ஒரு வரிதானே.

அன்புடன்,
எழுதியவரும் வரைந்தவரும்