ரக்பிக்கும் நாலு வரி ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஜூலையில் இத்தாலியில் 20 வயதுக்கு உட்பட்டோருக்கான உலக ரக்பி போட்டி நடந்தது, 12 நாடுகள் ஆடின, இறுதி ஆட்டத்தில் தென்னாப்பிரிக்கா நியூசிலாந்தை 23-15 என்று வென்று 2012-க்குப் பிறகு முதல் தடவையாகக் கோப்பையைத் தூக்கியது. இதை நான் தெரிந்துகொண்டது பேரனின் செல்போனில்தான். தினமும் காலையில் டீக்கடையில் விளையாட்டுப் பக்கத்தை ஒரு வரி விடாமல் படிக்கிறவன் நான், என் கண்ணில் அது படவே இல்லை.

யார் படிப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். செல்லூர்ப் பக்கம் சாயங்காலம் வந்து பாருங்கள், கபடிப் பையன்கள் எதிராளியை மடக்கிப் பிடிக்கிற வேகமும் துணிச்சலும் அப்படியே ரக்பிக்கும் வேண்டியவை. என்ன, அங்கே அணிக்கு 15 பேர், பந்தைக் கையால் முன்னால் எறியக்கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும், எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றினால் 5 புள்ளி. இவ்வளவுதான், சொன்னால் பத்து நிமிடத்தில் புரிந்துகொள்வார்கள்.

அதே வருடக் கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி நம்ம ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கே வந்ததே, நீங்கள் பக்கம் பக்கமாக எழுதினீர்கள், அப்புறம் எத்தனை பிள்ளைகள் வீட்டில் மட்டை கேட்டு அடம்பிடித்தார்கள்! அடுத்த ரக்பி போட்டிக்கு ஆட்ட விதிகளைப் படத்தோடு ஒருநாள் போடுங்கள், முடிவுகளைத் தினமும் நாலு வரியில் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், செல்லூர், மதுரை