கரடிப் பொம்மையும் வைரஸ் புரளியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'இந்தத் தலைப்பில் வரும் மின்னஞ்சலைத் திறந்தால் கணினியில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், உடனே அனைவருக்கும் தெரிவியுங்கள்' என்ற வகை எச்சரிக்கைகள் 1994-இல் 'குட் டைம்ஸ்' என்ற இல்லாத வைரஸின் பெயரால் உலகைச் சுற்றிய காலம் முதல் இன்றுவரை ஓயவில்லை. பெயர்தான் மாறுகிறது, பெரிய நிறுவனம் ஒன்று அறிவித்ததாகச் சொல்வதும், மருந்தே இல்லை என்று மிரட்டுவதும் மாறுவதில்லை.

இவற்றில் மிகவும் சாமர்த்தியமானது 2002-இல் பரவிய கரடிப் பொம்மைப் புரளி. கணினியில் குறிப்பிட்ட ஒரு கோப்பைத் தேடுங்கள், கரடிப் பொம்மைச் சின்னத்துடன் அது இருந்தால் வைரஸ் புகுந்துவிட்டது என்று பொருள், உடனே அழித்துவிடுங்கள் என்றது அந்த மின்னஞ்சல். தேடியவர்களுக்குக் கோப்பு கிடைத்தது. கிடைக்காமல் எப்படி இருக்கும்? அது விண்டோஸுடன் வந்த, ஜாவா என்ற கணினி மொழியில் நிரல் எழுதுவோருக்குப் பயன்படும் கோப்பு. வைரஸ் தடுப்பு மென்பொருளால் இதைக் கண்டுபிடிக்க முடியாது என்றும் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்ததால், மென்பொருள் எதுவும் சொல்லாததே சான்றாகிவிட்டது. வைரஸ் செய்ய வேண்டிய வேலையைப் பயனாளரே தம் கையால் செய்து முடித்தார்.

உண்மையான எச்சரிக்கை எந்த மென்பொருளில் குறை, எந்தத் தேதியில் அறிவிக்கப்பட்டது, எந்தப் புதுப்பிப்பை நிறுவ வேண்டும் என்பதைச் சொல்லும். அனைவருக்கும் அனுப்புங்கள் என்று கெஞ்சாது. அனுப்பியவர் நம் நண்பர் என்பதும் உத்தரவாதமன்று. 2000-இல் பரவிய 'ஐ லவ் யூ' என்ற மெய்யான வைரஸும் தெரிந்தவர்களின் முகவரியிலிருந்தே வந்தது. எனவே ஐயம் எழுந்தால், மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடாமல், வைரஸ் தடுப்பு நிறுவனத்தின் இணையதளத்துக்கு நாமே சென்று எச்சரிக்கையில் உள்ள வைரஸின் பெயரைத் தேடிப் பார்ப்பதே முறை. புரளி என்று தெரிந்தால் அனுப்பியவருக்கு மட்டும் தனியே, அவர் மனம் நோகாதபடி எழுதினால் போதும். மறுப்பையும் நூறு பேருக்கு அனுப்புவது அந்தப் புரளிக்கே துணைபோவதாகும். இத்தகைய புரளியை நம்பிக் கோப்பை ஏற்கெனவே நீக்கியவர்கள் முதலில் கணினியில் உள்ள குப்பைத்தொட்டியை (ரீசைக்கிள் பின்) திறந்து பார்க்கலாம். அதைக் காலி செய்யாதவரை கோப்பை மீட்டுவிடலாம்.

தங்கள் நாளிதழில் இத்தகைய எச்சரிக்கை எதையேனும் வெளியிடும்போது, அதை உறுதிசெய்த நிறுவனத்தின் பெயரையும் அறிவிப்பு வெளியான தேதியையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்