நீல நாடாப்பூ குத்திய எங்கட ஆக்களுக்கு

பிரித்தானியாவின் கொன்சவேட்டிவ் கட்சிக்காகத் தெருத் தெருவாய்க் கதவு தட்டும் தமிழ் உறவுகளுக்கு,

வணக்கம்.

போன மாதம் மச்சான், என் தாய்மாமன் மகன், வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். லண்டனில் ஹரோப் பக்கம் ஏதோ ஒரு தெரு. மழைக்கோட்டின் நெஞ்சில் கட்சி நிறமான நீல நாடாவில் செய்த பூ. கக்கத்தில் ஒரு கட்டுத் துண்டுப்பிரசுரம். என்ன அச்சடித்திருந்தது என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தும் தெரியவில்லை. பக்கத்தில் இரண்டு வெள்ளைக்காரக் கிழவிகள் குளிரில் மூக்குச் சிவக்கச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். கீழே எழுதியிருந்தான்: "இண்டைக்கு நூற்றியிருபது கதவு." நான் பதில் போட்டேன்: "இஞ்ச எண்டால் நூற்றியிருபது படலை, நூற்றியிருபது நாய்." சிரிக்கிற மஞ்சள் முகம் ஒன்று வந்தது. அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். எனக்கு முடியவில்லை.

நான் கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்துக்குக் கீழே ஐந்து ஏக்கர் வயல் செய்கிறவன். பல வருடம் எங்கள் கமக்காரர் அமைப்பில் செயலாளர். கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது, சந்தா வாங்க ஒழுங்கை ஒழுங்கையாய்த் திரிவது, தேத்தண்ணிக்குச் சீனி போதாமல் ஓடுவது எல்லாம் எனக்கும் தெரியும். அதனால் உங்கள் வேலையில் எனக்கு மரியாதை உண்டு. ஏன் அந்தக் கட்சி என்று நான் கேட்கவும் போவதில்லை. கடை வைத்திருப்பவனுக்கு வரி குறைய வேண்டும். பெற்றோல் செற்றில் இரவு பகலாய் நின்று வீடு வாங்கினவன், உழைக்காமல் வாங்கித் தின்கிறவனைக் கண்டால் பல்லைக் கடிப்பான். வீடு, கோயில், பிள்ளையின் படிப்பு, மூத்தோர் சொல்: இதை வைத்துப் பார்த்தால் வன்னியில் முக்கால்வாசிப் பேர் பிறவிக் கொன்சவேட்டிவ்தான். என் அம்மம்மா ஒரு தேர்தல் நோட்டீஸைக்கூட வாசித்தவ இல்லை. ஆனால் மார்கிரட் தட்சருக்கு அவவைப் பிடித்திருக்கும். கடன்படாதே, விதைநெல்லில் கை வைக்காதே, வேலியைப் பார். இவ்வளவுதான் அவவின் அரசியல்.

லேபர்காரர் மேல் எனக்குத் தனி அன்பும் இல்லை. 2009 ஏப்ரல் கடைசியில் அவர்களின் வெளிநாட்டு அமைச்சர் டேவிட் மிலிபாண்ட் வவுனியா முகாமுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்று கிழமைக்குள் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது.

நான் கேட்பது வேறு. உங்கள் கட்சிக்குள் உங்களுக்கு இருக்கிற பலத்தை எதற்குப் பாவிக்கிறீர்கள்?

இஞ்ச கட்சித் தொண்டன் என்றால் கொடி கட்டுகிறவன், கதிரை தூக்குகிறவன். வேட்பாளர் பட்டியல் எங்கேயோ பூட்டிய அறைக்குள் எழுதப்படும். அவனுக்குப் பேப்பரில்தான் தெரியவரும். உங்களுக்கு அப்படியில்லை. 2001இலிருந்து தலைவர் தெரிவில் இரண்டு பேர் மிஞ்சினால் கடைசி வாக்கு சாதாரண உறுப்பினருடையது. 2022இல் லிஸ் டிரஸ்ஸுக்கு 81,326, ரிஷி சுனக்குக்கு 60,399. ஒரு நாட்டின் பிரதமரைக் கிளை உறுப்பினர்கள் தீர்மானித்தார்கள். (அந்த அம்மா ஐம்பது நாள்கூட நிற்கவில்லை என்பது வேறு கதை.) 2024இல் கெமி படேனொக் 53,806, றொபேட் ஜென்றிக் 41,388. வித்தியாசம் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஒரு இரவில் வந்துபோகிற சனம் அதைவிட எத்தனையோ மடங்கு. அதே 2024இல் நாடாளுமன்றத்தில் உங்கள் கட்சி 121 ஆசனத்துக்கு இறங்கியது. அந்தக் கட்சியின் சரித்திரத்திலேயே அதுதான் மிகக் குறைவு. அந்த வெள்ளத்திலும் எங்கட சனம் நிறைய இருக்கிற ஹரோ ஈஸ்ட் நின்றுபிடித்தது. விழுந்து கிடக்கிற கட்சியில் கதவு தட்ட வருகிற ஒவ்வொருவனும் பெரிய ஆள். இது உங்களுக்குத் தெரியுமோ தெரியாது, அந்த இரண்டு கிழவிகளுக்கும் நல்லாய்த் தெரியும்.

இனி நான் கணக்கெடுக்கிறேன், கோபிக்கக்கூடாது. வரவையும் எழுதுவேன், செலவையும் எழுதுவேன்.

2013 நவம்பர் 15. அப்போது பிரதமராயிருந்த உங்கள் கட்சித் தலைவர் டேவிட் கமரூன் யாழ்ப்பாணம் வந்தார். சுதந்திரத்துக்குப் பிறகு வடக்குக்கு வந்த முதல் வெளிநாட்டு அரசாங்கத் தலைவர். எங்கள் ஒழுங்கையிலிருந்து ஒரு அக்கா விடிய நாலரைக்கு பஸ் ஏறிப் போனா. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து லமினேற் பண்ணி, மழை பட்டாலும் நனையாதென்று ஒரு சொப்பிங் பைக்குள்ளும் வைத்துக் கொண்டுபோனா. நூலகத்தடியில் சனத்துக்குள் நசிந்து, கார் போவதைத்தான் கண்டா. "கண்ணாடிக்குள்ள ஒரு கை ஆட்டினது தெரிஞ்சது, அவர்தானோ தெரியாது" என்றா. ஆனால் மனிசன் சொன்னதைச் செய்தார். மார்ச்சுக்குள் உள்நாட்டில் ஒழுங்கான விசாரணை இல்லையென்றால் ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் கேட்பேன் என்றார். 2014 மார்ச்சில் ஐ.நா. விசாரணைக்கான தீர்மானம் வந்தது, 2015 செப்ரெம்பரில் அறிக்கை வந்தது. இது உங்கள் கட்சியின் வரவுப் பக்கம். அந்த அக்கா 2017 பெப்ரவரி 20இலிருந்து கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கின போராட்டத்துக்குப் போய்வருகிறா. படம் அதே படம்தான். லமினேற் ஓரம் பிரிந்து, ரேப் ஒட்டியிருக்கிறது.

சரியாகப் பத்து வருடம் கழித்து, 2023 நவம்பர் 15. அன்றைக்கு லண்டன் உச்ச நீதிமன்றம், அகதிகளை ருவாண்டாவுக்கு ஏற்றும் உங்கள் அரசாங்கத்தின் திட்டம் சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. அதற்கு இரண்டு நாள் முன்புதான் அதே கமரூன் வெளிநாட்டு அமைச்சராகத் திரும்பி வந்திருந்தார். அந்த வருடம் சுனக் பேசுகிற மேசையில் அகதிகள் வரும் "படகுகளை நிறுத்து" என்று எழுதி ஒட்டியிருந்ததை நாங்கள் இஞ்ச தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

படகு என்றதும் எனக்கு ஒரு பழைய படகு ஞாபகம் வரும். உங்களில் மூத்தவர்களுக்கும் வரவேண்டும். 1985இல் தட்சர் அரசாங்கம் இலங்கையருக்கு விசா கட்டாயமாக்கியது. கொமன்வெல்த் நாடுகளில் முதலில் அந்தச் சட்டம் விழுந்தது எங்கட தலையில்தான். 1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில் திருப்பி அனுப்ப ஏற்றினபோது ஐம்பதுக்கு மேற்பட்ட தமிழர் அந்தக் குளிரில் உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுபாதையில் நின்றார்கள். அந்த வருடமே, விசா இல்லாதவனை ஏற்றி வந்தால் விமானக் கொம்பனிக்குத் தண்டம் என்று சட்டம் வந்தது. ஹாரிச் துறைமுகத்தில் ஏர்ள் வில்லியம் என்ற பழைய கப்பலில் எங்கட பெடியளை அடைத்து வைத்தார்கள். ஒக்டோபர் புயலில் அது கட்டறுத்துக்கொண்டு போனது. 2023இல் போர்ட்லண்டில் பிபி ஸ்ரொக்ஹோம் என்ற மிதவையில் அகதிகளை வைத்த செய்தி வந்தபோது, முப்பத்தாறு வருடத்தில் கப்பலின் பெயர்தான் மாறியிருக்கிறது என்று நினைத்தேன்.

"அது அப்ப, நாங்கள் உண்மையான அகதி. இப்ப வாறவன் காசுக்கு வாறான்" என்று மச்சான் போனில் சொன்னான். நானும் பொய் சொல்ல மாட்டேன். இப்போது இஞ்சயிருந்து வெளிக்கிடுகிற எல்லாரும் உயிருக்குப் பயந்து வெளிக்கிடுவதில்லை. காணியை ஈடு வைத்து ஏஜென்சிக்குக் கட்டி, கடனோடு திரும்பி வந்தவனும் எங்கள் ஊரில் இருக்கிறான். ஆனால் மச்சானும் ஏஜென்சியில்தான் போனவன். மாமியின் தாலிக்கொடி உருகின கதை குடும்பத்துக்கே தெரியும். எவன் உயிருக்குப் பயந்து வந்தவன், எவன் இல்லை என்று ஒவ்வொருவராய் எடுத்துப் பார்ப்பதற்குத்தான் நீதிமன்றம். அந்த நீதிமன்றம் கையில் வைத்திருக்கிற ஒரு தாளைப் பற்றித்தான் இந்த மடல் முழுவதும்.

ஐரோப்பிய மனித உரிமைகள் உடன்படிக்கை. அதன் மூன்றாவது உறுப்புரை சித்திரவதையைத் தடுக்கிறது. சித்திரவதை நடக்கும் என்று தெரிந்தால் ஒருவனை அங்கே அனுப்பவும் கூடாது என்று நீதிமன்றங்கள் அதை வாசித்துக்கொண்டு வருகின்றன. 1988இல் தமிழர் ஐந்து பேரைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் ஸ்ட்ராஸ்பேர்க்கில் இருக்கிற ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை போனார்கள், 1991இல் தோற்றார்கள். 2008இல் இன்னொரு தமிழர், தீர்ப்பில் பெயருக்குப் பதிலாக இரண்டே எழுத்து, அதே நீதிமன்றத்தில் வென்றார். அவரைத் திருப்பி அனுப்பினால் மூன்றாவது உறுப்புரை மீறப்படும் என்றது தீர்ப்பு. இந்தப் பதினேழு வருட இடைவெளிக்குள் எத்தனை வீட்டுக் கதை இருக்கிறது என்று உங்கள் மண்டபத்தில் சுற்றிவரப் பாருங்கள்.

2025 ஒக்டோபரில் கெமி படேனொக், ஆட்சிக்கு வந்தால் அந்த உடன்படிக்கையிலிருந்து பிரித்தானியா விலகும் என்று அறிவித்தார். இப்போது அது உங்கள் கட்சியின் கொள்கை. நீங்கள் கதவு தட்டும்போது அதையும் சேர்த்துத்தான் தட்டுகிறீர்கள்.

இதில் ஒரு வேடிக்கை. அந்த உடன்படிக்கையை எழுதுவதில் முன்நின்றவர் டேவிட் மாக்ஸ்வெல் ஃபைஃப். உங்கள் கட்சிக்காரர், நியூரம்பேர்க்கில் நாஜித் தலைவர்களைக் குறுக்கு விசாரணை செய்த வழக்கறிஞர், பிறகு சேர்ச்சிலின் உள்துறை அமைச்சர். ஐரோப்பாவுக்கு இப்படி ஒரு சாசனம் வேண்டும் என்று சேர்ச்சிலும் பேசினார். முன்னோர் வைத்ததைப் பேணுவதுதானே உங்கள் கட்சியின் பெயரிலேயே இருக்கிறது? அம்மம்மாவின் கணக்கில் இது விதைநெல்.

உங்கள் கூட்டங்களில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. எங்கள் கூட்டம் தெரியும். மாரி முடிய, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று தீர்மானிக்கக் கூட்டம் வைப்பார்கள். கச்சேரியிலிருந்து, அதாவது மாவட்டச் செயலகத்திலிருந்து, பெரியவர்கள் முன்னுக்கு இருப்பார்கள். பொறியியலாளர் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் என்று வாசிப்பார். வாய்க்கால் கடைசியில் வயல் வைத்திருப்பவன் பின் கதிரையில் வெற்றிலை போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தால், அந்த வருடம் அவனுக்குத் தண்ணீர் இல்லை. பிறகு மதகடியில் மண்வெட்டியோடு நின்று சத்தம் போடுவான், ஒன்றும் நடக்காது. யாழ்ப்பாணத்துக்கு இரணைமடுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுபோக ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் திட்டம் வந்தபோது நாங்கள் மதகடியில் நிற்கவில்லை, கூட்டத்தில் எழும்பினோம். யாழ்ப்பாணத்துச் சனம் தண்ணீர் குடிக்கக்கூடாது என்றில்லை. எங்களைக் கேட்காமல் கணக்குப் போட்டிருந்தார்கள். பெரிய பெரிய ஆக்கள் முகத்தைச் சுளித்தார்கள், பிரதேசவாதி என்றார்கள். கடைசியில் திட்டம் திசை மாறியது. யாழ்ப்பாணத்துத் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறந்தார்கள்.

உங்களிடமிருந்து எங்களுக்கு வருவது பெரும்பாலும் படம்தான். தைப்பொங்கலுக்கு எம்.பி. வேட்டி கட்டிப் பானைக்கு முன் நிற்கிற படம். முள்ளிவாய்க்கால் நினைவுநாளான மே 18க்கு அவர் விடுகிற அறிக்கை. வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த அக்காவும் அதைப் பார்த்துத் தலையாட்டுவா. ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். மனித உரிமை மீறினவர்கள் மேல் தடை போடும் சட்டக்கருவியை 2020 ஜூலையில் கொண்டுவந்தது உங்கள் அரசாங்கம். அதற்குப் பிறகு நாலு வருடம் ஆட்சியில் இருந்தும் இலங்கைத் தளபதி ஒருவர் மேலும் அதைப் போடவில்லை. 2025 மார்ச் 24இல் முன்னாள் படைத் தளபதிகள் மூன்று பேர் மேலும், புலிகளிலிருந்து பிரிந்துபோன கருணா மேலும் போட்டது லேபர். கத்தியைத் தீட்டி வைத்தவர்கள் நீங்கள், வெட்டினது பக்கத்து வீட்டுக்காரன். அந்த நாலு வருடத்தில் உங்கள் கிளைக் கூட்டம் எதிலாவது யாராவது எழும்பி "ஏன்?" என்று கேட்டீர்களா? கேட்டிருந்தால் எழுதுங்கள், நான் வெட்கமில்லாமல் மன்னிப்புக் கேட்கிறேன்.

கட்சியை விட்டு வரச் சொல்லவில்லை. விட்டு வந்தால் அந்தக் கதிரையில் இருப்பவனுக்கு எங்களைத் தெரிந்திராது. உங்கள் அடுத்த கிளைக் கூட்டத்தில் அந்த உடன்படிக்கையை நிகழ்ச்சி நிரலில் போடச் சொல்லுங்கள். போடாவிட்டால் "வேறு விடயங்கள்" வரும்போது எழும்புங்கள். 1991 தீர்ப்பையும் 2008 தீர்ப்பையும் சொல்லுங்கள், மாக்ஸ்வெல் ஃபைஃபின் பெயரைச் சொல்லுங்கள், அதோடு நீங்கள் எப்படி அந்த நாட்டுக்கு வந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். மச்சானின் பிள்ளைகளுக்கே அந்தக் கதை முழுதாய்த் தெரியாது. அந்த இரண்டு கிழவிகளும் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

மச்சானிடம் இதைப் போனிலும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "வியாழக்கிழமை கூட்டம் இருக்கு, பாப்பம்" என்றான். எங்கள் சிறுபோகக் கூட்டம் அதற்கு அடுத்த செவ்வாய். இந்த முறை நானும் பின் கதிரைதான். செயலாளர் வேலையை ஒரு பெடியனிடம் கொடுத்தாயிற்று. வாய்க்கால் கடைசியில் இரண்டு பேருக்குப் போன வருடம் பங்கு கிடைக்கவில்லை. அதைக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் ஒருவன்