மருத்துவம் படித்தவர் சமூகவியலும் படிக்க வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருவாரூர் மாவட்டத்துக் கிராமங்களில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவராக 26 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். என் நண்பரின் மகள் எம்.பி.பி.எஸ். முடித்து ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறாள். அடுத்து மானுடவியலில் முனைவர் பட்டம் வாங்கப் போவதாக அவள் சொன்னதிலிருந்து வீட்டில் பெரும் வருத்தம். ‘நீட் பி.ஜி. எழுதி ஒரு எம்.டி. வாங்காமல், டாக்டருக்குப் படித்தவள் ஊர் ஊராகப் போய்க் கதை கேட்கவா?’ என்று நொந்துகொண்ட நண்பர், அவளுக்குப் புத்தி சொல்லும்படி என்னைக் கேட்டார். நான் சொல்லவில்லை. அதற்கான காரணத்தைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

மேட்டூர் திறந்து, தண்ணீர் கடைமடைக்கு வந்து, குறுவை நடவு தொடங்கியதும் எங்கள் நிலையத்துக்கு நீர்க்கடுப்போடு வரும் பெண்களின் எண்ணிக்கை ஏறும். சிறுநீர்ப் பரிசோதனை, ஐந்து நாள் மாத்திரை, ‘நிறையத் தண்ணீர் குடியுங்கள்’ என்ற அறிவுரை. இவ்வளவுதான் என் வைத்தியம். அதே பெண்கள் சில வாரங்களில் திரும்பி வருவார்கள். சுத்தக் குறைவுதான் காரணம் என்று பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். எங்கள் ஊரில் தங்கி ஆய்வு செய்த சமூகவியல் மாணவி ஒருத்தி, நடவு ஆட்களோடு நான்கு நாள் சேற்றில் இறங்கி நின்றுவிட்டு வந்து வேறு காரணம் சொன்னாள். விடியற்காலையில் வேனில் ஏறும்போதே அவர்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள்; குடித்தால் ஒதுங்க இடமில்லை, வரப்பில் மறைவுக்கு ஒரு புதர்கூடக் கிடையாது, காண்ட்ராக்ட் நடவு என்பதால் ஒருத்தி கரையேறினால் அவள் பங்கையும் மற்றவர்கள் சேர்த்து நட வேண்டும். தூக்குவாளியில் கொண்டுபோகும் தண்ணீர் பெரும்பாலும் முகம் கழுவத்தான் செலவாகிறது என்றாள். என் அறிவுரைக்கு அத்தனை பெண்களும் தலையாட்டிவிட்டுப் போனது அப்போதுதான் உறைத்தது.

சமுதாய மருத்துவம் என்று ஒரு பாடம் ஏற்கெனவே இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். நல்ல பாடம், குறை சொல்ல மாட்டேன். எத்தனை பேருக்கு, எந்த மாதத்தில், எந்த நோய் என்று அது கணக்கெடுக்கும். ஏன் என்று கேட்டு ஓராண்டு ஒரு தெருவில் குடியிருப்பது வேறு பயிற்சி. அதற்கு ஆசிரியர் வேண்டும், காலம் வேண்டும். மருத்துவ மாணவர்கள் கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்து அவர்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்கும் திட்டத்தைத் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்திருப்பது வரவேற்கத்தக்கதே என்றாலும், உடன் வழிகாட்டும் சமூகவியலாளர் இல்லாதவரை அது படிவம் நிரப்புவதாக முடிந்துவிடும் என்று அஞ்சுகிறேன்.

இது புது மோகமும் அல்ல. 1901-இல் நீலகிரிக்கு வந்து தோடர்களிடையே தங்கி ஆராய்ந்த ஆங்கிலேய மானுடவியலாளர் ரிவர்ஸ் ஒரு மருத்துவர். 1990-இல் ஹார்வர்டில் மருத்துவம், மானுடவியல் இரண்டிலும் பட்டம் பெற்ற பால் ஃபார்மர், ஹைட்டியில் காசநோயாளிகள் குணமாகாததற்கு அவர்களுடைய பில்லிசூனிய நம்பிக்கை காரணமல்ல என்றும், சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் காசு கொடுத்து, வீடு தேடிப் போய்ப் பார்த்தால் குணமாகிறார்கள் என்றும் காட்டினார். இரண்டு படிப்பும் ஒருவரிடமே இருந்ததால், கண்டதை அவரால் உடனே சிகிச்சை முறையாக மாற்ற முடிந்தது. எங்கள் மாணவி கண்டதோ அவளுடைய ஆய்வேட்டோடு நின்றுவிட்டது.

டெல்லி ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சமூக அறிவியல் புலத்துக்குள்ளேயே சமூக மருத்துவத்துக்கு ஒரு மையம் உண்டு. நண்பரின் மகள் அங்கேதான் விண்ணப்பிக்க எண்ணுகிறாள். கீழத்தஞ்சை நடவு வயலைப் பற்றி ஆராய ஒரு பெண் டெல்லிக்குப் போக வேண்டியிருப்பது எனக்கு வேடிக்கையாகப் படுகிறது. நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது; அதில் சமூகப் பணியும் பொருளியலும் கற்பிக்கப்படுகின்றன. திருவாரூரில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இவ்விரண்டும் சேர்ந்து, எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று இடங்களாவது கொண்ட ஒரு கூட்டு முனைவர் பட்டத் திட்டத்தைத் தொடங்கலாம். எம்.டி. படிக்கும் மருத்துவருக்குக் கிடைக்கும் உதவித்தொகை இவர்களுக்கும் கிடைக்க வேண்டும். அரசுப் பணியில் இருப்பவர் இதற்குச் சென்றால் அந்த ஆண்டுகள் பணிக்காலமாகக் கருதப்பட்டு, பதவி உயர்வின்போது முதுநிலைப் பட்டத்துக்குரிய மதிப்பு தரப்பட வேண்டும். சுகாதாரத் துறையும் உயர்கல்வித் துறையும் இதைப் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருத்துவர்,
மன்னார்குடி.