உன் பெயருக்குக் கீழே இருந்த வரி

வெள்ளவத்தை,
ஞாயிறு மத்தியானம்.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து ஏழு கிழமையாகிறது. பதில் பிந்தியதுக்கு அம்மாவின் கண் ஒப்பரேசன் ஒரு காரணம். இப்ப நல்லா இருக்கிறா, பேப்பரைத் தானே வாசிக்கிறா. பிள்ளைகள் சுகம். உன் தங்கச்சியைப் போன வெள்ளி பம்பலப்பிட்டிக் கோயிலடியில் கண்டேன். நீ போன் எடுக்கிறதே இல்லையாம். அதுக்கு நீயே மறுமொழி சொல்லிக்கொள்.

மற்றக் காரணம் உன் கடிதத்தின் கடைசிப் பக்கம். வாசித்து முடித்து, தாளைத் திருப்பிப் பார்த்து, உறைக்குள்ளும் தேடினேன். உன் கையெழுத்துக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து உன் கடிதம் ஒன்றுகூட அந்த மூன்று வரி இல்லாமல் வந்ததில்லை. முத்திரையில் நீ சேர்ப்பது, தேடுவது, கொடுக்கக்கூடியது. கலியாணக் கார்ட்டின் பின்பக்கத்திலும் எழுதி அனுப்பினவன் நீ. மாமி அதைப் பார்த்துவிட்டு, பொம்பிளை வீட்டாரிடம் இன்னும் ஏதோ கேட்கிறாய் என்று நினைத்துக் குழம்பினது ஞாபகமா? ஆசுப்பத்திரியில் படுத்திருந்து எழுதின துண்டிலும் அந்த வரி இருந்தது. இந்தமுறை மட்டும் ஏன் இல்லை? மறந்துபோய் விட்டாய் என்று நினைக்க என்னால் முடியவில்லை.

அந்தப் பழக்கத்தை மாஸ்டர்தான் எங்களுக்குத் தந்தவர். முதன்முதல் நாங்கள் எழுதின வரி எனக்கு இன்னும் பாடம்: "எல்லா நாட்டு முத்திரையும் சேர்ப்பேன்." பேனா நண்பர் பகுதியில் அது வந்து ஆறு மாதமாகியும் ஒரு கடிதம் வரவில்லை. மாஸ்டர் சொன்னார்: "எல்லாம் வேணும் எண்டு நிக்கிறவனுக்கு ஆர் என்னத்தைக் குடுக்கிறது? உனக்கு எது இல்லையெண்டு சொல்லு." பிறகுதான் நீ இலங்கை என்று சுருக்கினாய். அதிலும் ஆறாம் ஜோர்ஜ் காலம். அதிலும் 1938 இல் வந்த படத் தொகுதி. கடைசியில் அந்த றப்பர் பால்வெட்டும் இரண்டு சத முத்திரை ஒன்றுதான், ஓரப் பல் வாரியாக. மேலோரத்திலும் பக்க ஓரத்திலும் இரண்டு சென்ரிமீற்றருக்குள் எத்தனை துளை என்று எண்ணி, 11½க்கு 13, 13½க்கு 13, சுற்றிவர 12 என்று ஒரே படத்தைப் பிரித்துப் பிரித்து வைத்தாய். வகுப்பில் எல்லாரும் சிரித்தாங்கள். ஆனால் வரி ஒடுங்க ஒடுங்கத்தான் கடிதங்கள் வரத் தொடங்கின. மாத்தளையிலிருந்து ஒரு தோட்டத்துக் கிளாக்கர், நீர்கொழும்பிலிருந்து ஒரு பாதிரியார். உன் வரியை வாசித்தவனுக்குத் தன் பெட்டிக்குள் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்தது.

பிறகு உன் வரி ஒருநாள் மாறியது. 1990க்குப் பிறகு சண்டையால் ஊர்ப்பக்கம் ஒருவரும் போக முடியாமல் இருந்த காலம். கனடாவிலிருந்து வந்த உன் முதல் கடிதத்தில் வீட்டைப் பற்றியோ, ஐயா வேலைசெய்த சீமெந்துத் தொழிற்சாலையைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. குளிர், பனி, வேலை, அவ்வளவுதான். கீழே மட்டும், "தேடுவது: காங்கேசன்துறைத் தபால் கந்தோர்ச் சீல், முழு உறையோடு, எந்த வருசமானாலும்." அதை வாசித்துவிட்டு நான் கனநேரம் வெளியே பார்த்துக்கொண்டு இருந்தேன், மச்சான். உன் கடிதம் முழுதும் சொல்லாததை அந்த வரி சொல்லியது.

இனிச் செய்திக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் பேனையை எடுத்தேன்.

மூன்று மாதத்துக்கு முதல், மருதானைப் பக்கம் டி. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் ஸ்ரான்லி கிபன்ஸ் முத்திரைக் கற்றலொக் ஒன்று கிடைத்தது. அட்டை கிழிந்த பழைய பதிப்பு. அதுக்குள் ஒரு வெற்று உறை. அதன் பின்பக்கத்தில் ஊதா மையில் ஒரு றப்பர் சீல்: பெயர், காலி நகரத்து விலாசம், கீழே இங்கிலிஸில் எங்களுடைய அதே மூன்று வரி. சேர்ப்பது, ரயில் சீல்களும் வடக்கு வழிச் சீல்களும். தேடுவது, 1938 இரண்டு சதம், 13½க்கு 13. கொடுக்கக்கூடியது, காங்கேசன்துறை முழு உறைகள். அந்த இடத்திலேயே நின்று மூன்று தரம் வாசித்தேன். கடைக்காரன் கற்றலொக்குக்குச் சொன்ன விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கவும் மனம் வரவில்லை.

அன்றிரவே எழுதினேன். பதில் அவருடைய மகளிடமிருந்து வந்தது. ரிட்டயரான ஆசிரியை. தகப்பனார் காலமாகி நாலு வருசமாம். ரயில்வேயில் கார்ட்டாக இருந்தவர். 1956 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கின காலத்தில் வடக்கு வழியில் வேலை. வண்டி காங்கேசன்துறையில் போய் நின்ற ஒவ்வொரு தரமும் அங்கேயே தபாலில் போட்டு, காலியில் இருந்த பெண்சாதிக்கு ஒரு கடிதம். அந்த உறைகள்தான் பிறகு அவருடைய சேகரிப்பின் தொடக்கம்.

போன சனி நான் காலிக்குப் போய் வந்தேன். மூன்று கார்ட்போட் பெட்டி. அதிலிருந்து பழைய புத்தகங்கள் கொஞ்சத்தைத்தான் முன்னமே விற்றிருக்கிறா. முத்திரைக்கென்று வந்த ஒரு வியாபாரி, உறைகளைத் தண்ணியில் ஊறப்போட்டு முத்திரையைக் கழற்றினால்தான் காசு என்று சொல்லியிருக்கிறான். அவவுக்கு என்ன தெரியும்? வாளியில் தண்ணியும் எடுத்து வைத்துவிட்டாவாம். அப்போதுதான் முதல் அல்பத்தின் முகப்புப் பக்கத்தில் தகப்பனின் கையெழுத்தில் அந்த வரி கண்ணில் பட்டிருக்கிறது. "முழு உறை" என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு. அதனால் நிறுத்திப்போட்டா. எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஊறப்போட்டிருந்தால் முத்திரை மிஞ்சியிருக்கும், உறையும் அதில் விழுந்த சீலும் விலாசமும் போயிருக்கும்.

எங்கள் வீடுகளிலும் இதுதான் நிலைமை, யோசித்துப் பார். எது எதோடு சேர்ந்து கிடக்க வேண்டும், எது ஆருக்குப் போக வேண்டும் என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியுமா? விலாசத்தையும் விலையையும் எழுதிவைத்தால் கள்ளன் வருவான் என்று பெரியண்ணை அடிக்கடி சொல்வார். விலையைப் பற்றி அவர் சொல்வது சரி. மாஸ்டரும் ஒருநாளும் விலை எழுத விடவில்லை. ஆனால் தேடுவதை எவன் களவெடுக்கப் போகிறான்? என் மகளுக்கு இந்தக் கிழமை ஒவ்வொரு அல்பத்தின் முகப்பையும் காட்டி விளங்கப்படுத்தினேன். இருந்து கேட்டாள்.

அந்த அம்மா எனக்கு ஒரு உறையைக் காட்டினா. 1957, பத்துச் சதத் தென்னைமர முத்திரை, அதன்மேல் வடிவாக விழுந்த வட்டச் சீல். காங்கேசன்துறை என்று ஒவ்வொரு எழுத்தும் தெரிகிறது. அந்த வருசம் உன் ஐயா அங்கே வேலையில் இருந்தவர்தானே. அந்தச் சீல் விழுந்த அன்று அவர் அந்தத் தபால் கந்தோர் வாசலால் சைக்கிளில் போயிருக்கலாம். நான் காசு கேட்டேன், வாங்கமாட்டன் என்றுவிட்டா. உள்ளே இருக்கும் கடிதங்கள் தாயுடையவை, அவை தன்னோடு இருக்கும், உறைகளில் மூன்று தரலாம் என்றா. ஆனால் அப்பா எழுதி வைத்தபடி மாற்றாகத்தான் தருவாவாம். அல்பத்தைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினா. இரண்டு சதத்துக்கு ஒவ்வொரு பல்லுக்கும் பென்சிலால் ஒரு கட்டம் கீறியிருக்கிறார். ஒன்று மட்டும் வெறுமையாக இருக்கிறது: 13½க்கு 13.

உன் "கொடுக்கக்கூடியது" வரியில் கடைசியாக இருந்தது அதுதான், மச்சான். ஒரு பிரதி கூடுதலாக வைத்திருந்தாய். போன வருசம் மார்கழிக் கடிதத்தை எடுத்து மறுபடி பார்த்தேன், இருக்கிறது.

இந்தக் கடிதத்தில் ஏன் இல்லை? விற்றுப்போட்டாயா? கண் தெரியவில்லையா? அல்லது இனி என்னத்துக்கு என்ற எண்ணம் வந்துவிட்டதா? எதுவானாலும் எனக்கு நேராக எழுது. கோபிக்கமாட்டேன். விற்றிருந்தாலும் உனக்காக அந்த முத்திரையை இங்கேயே தேடி எடுப்பேன். ஆனால் நீ பேசாமல் இருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. நீ சோர்ந்துபோய் இருந்த காலத்திலெல்லாம் மற்றது எது நின்றாலும் அந்த வரி நிற்கவில்லை.

இருந்தால், இரண்டு மட்டைக்கு நடுவில் வைத்து, பசை பிடிக்காத கடதாசியில் சுற்றி, பதிவுத் தபாலில் அனுப்பு. பிஸ்கட் தகரத்துக்குள் பார், நீ கூடுதல் பிரதிகளை அதுக்குள்தான் போடுவாய். அந்த அம்மாவிடம் தை மாதம் வரைக்கும் தவணை கேட்டிருக்கிறேன்.

வீட்டில் எல்லாருக்கும் என் அன்பு. தங்கச்சிக்குப் போன் எடு.

உன் கூட்டாளி

சேர்ப்பது: வடபகுதித் தபால் கந்தோர்ச் சீல்கள், 1972க்கு முன்.
தேடுவது: 1938 இரண்டு சதம், 13½க்கு 13, காலியில் ஒருவருக்காக.
கொடுக்கக்கூடியது: காங்கேசன்துறை, 1957, முழு உறை. உனக்கு மட்டும்.