எழுதி வாங்கப்படும் ராஜினாமாக்கள்: தொழிலாளர் நலத்துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்னை ஓ.எம்.ஆரில் (பழைய மாமல்லபுரம் சாலை) இருக்கும் பெரிய ஐ.டி. நிறுவனங்களில் பல வருடங்களாக வேலை பார்த்து வருகிறேன். எங்கள் துறையில் ஆட்குறைப்பு பெரும்பாலும் ராஜினாமா என்ற பெயரில்தான் நடக்கிறது. உங்கள் அலுவலகத்துக்கு வரும் எந்தக் கணக்கிலும் அது தெரியாது. அதனால்தான் இந்த மடல்.

என் டீமில் இருந்த ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். பன்னிரண்டு வருட அனுபவம் உள்ளவர். ப்ராஜெக்ட் முடிந்து பெஞ்சுக்கு (அடுத்த ப்ராஜெக்டுக்குக் காத்திருக்கும் நிலைக்கு) வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒருநாள் மதியம் 'டிஸ்கஷன்' என்ற தலைப்பில் ஒரு மீட்டிங் அழைப்பு வந்தது. அறையில் எச்.ஆர். ஆட்கள் இருவர். மொபைலை அணைத்து மேசைமேல் வைக்கச் சொன்னார்கள். "உங்க ப்ரொஃபைலுக்கு இப்ப ப்ராஜெக்ட் இல்லை. நீங்களே ரிசைன் பண்ணிட்டா ரிலீவிங் லெட்டர் க்ளீனா வரும். இல்லைன்னா டெர்மினேஷன்தான். அடுத்த கம்பெனி பேக்ரவுண்ட் செக் பண்ணும்போது அது தெரியும்." வீட்டில் ஒரு வார்த்தை பேசிவிட்டு வருகிறேன் என்றார். இந்த அறையை விட்டுப் போவதற்குள் முடிவைச் சொல்லுங்கள் என்றார்கள். போர்டலில் ராஜினாமா பக்கத்தைத் திறந்து வைத்து, காரணம் கேட்கும் இடத்தில் 'பர்சனல்' என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதற்குள் ராஜினாமா ஏற்கப்பட்டதாக மெயில் வந்துவிட்டது. திரும்பவும் தன் இடத்துக்குப் போக விடவில்லை. அவருடைய பையையும் டிபன் பாக்ஸையும் நான்தான் ரிசப்ஷனில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அப்படி என்ன அவசரம்? விடை சட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-ன் 41-வது பிரிவுப்படி, ஆறு மாதமாவது தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் (அல்லது அதற்கான சம்பளமும்) இல்லாமல் நீக்கக் கூடாது. நீக்கினால் அவர் மேல்முறையீடு செய்யலாம். ஆட்குறைப்பு என்று ஒப்புக்கொண்டால், பணியாற்றிய ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடாகத் தரவேண்டும். புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்புப்படி, நீக்கப்படும் ஒவ்வொருவருக்காகவும் மறுதிறன் நிதிக்கு (வேலை இழந்தவர் புதிய திறன் கற்பதற்கான நிதி) இன்னும் 15 நாள் சம்பளம் கட்டவேண்டும். 'பர்சனல்' என்று ஒரு ராஜினாமா வந்துவிட்டால் இதில் எதுவுமே கிடையாது. தொழிலாளி நீக்கப்படவில்லை, தானாகப் போய்விட்டார் என்று கோப்பு மூடப்படும்.

"இவங்க எல்லாம் தொழிலாளியா? லட்சத்தில் சம்பளம் வாங்குறவங்க" என்று கேட்பவர்கள் உண்டு. ஐ.டி. ஊழியர்களும் சங்கம் வைக்கலாம், அப்போது இருந்த தொழில் தகராறு சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று 2016-ல் இதே தமிழ்நாடு அரசு எழுத்தில் சொல்லியிருக்கிறது. பதவிப் பெயரைப் பார்க்காதே, அவர் உண்மையில் செய்யும் வேலையைப் பார் என்று நீதிமன்றங்களும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. காலை முதல் இரவு வரை கோட் எழுதுகிறவருக்கு 'மேனேஜர்' என்று அடையாள அட்டை மாட்டிவிட்டால் அவர் நிர்வாகி ஆகிவிட மாட்டார்.

நிறுவனங்களுக்கு ஆள் குறைக்க வேண்டிய நிலை வரும் என்பதை நான் மறுக்கவில்லை. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் 2 சதவீதம் பேரை, ஏறத்தாழ 12,000 பேரை, குறைக்கப்போவதாக அறிவித்தது. அதற்கு முந்தைய மாதம்தான், வருடத்தில் 225 நாளாவது பில்லிங்கில் (க்ளையன்ட் காசு தரும் வேலையில்) இருக்க வேண்டும், பெஞ்சில் 35 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி அங்கே வந்தது. அந்த அறிவிப்பு எங்களையெல்லாம் உலுக்கியது உண்மை. ஆனாலும் வெளிப்படையாகச் சொன்னதால் சங்கங்கள் கேள்வி கேட்க முடிந்தது, செய்தி வந்தது, அரசுகளிடம் மனு போனது. அறைக்குள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எழுதி வாங்கும்போது எண்ணிக்கையே வெளியே வராது. யார் எங்கே போய்க் கேட்பது?

இருக்கிறவர்களையும் இது பாதிக்கிறது. உங்கள் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. நான் பார்த்த இடங்களில் டைம்ஷீட்டில் எட்டு மணி நேரத்துக்கு மேல் போட்டால் லீட் திருப்பி அனுப்பிவிடுவார், ஏனென்றால் க்ளையன்ட் அதற்குக் காசு தரமாட்டார். ராத்திரி பதினொரு மணிக்குப் பேசும் க்ளையன்ட் கால் எந்தப் பதிவிலும் இருக்காது. வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023-ல் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி சொன்னபோது நாடு முழுக்க விவாதித்தார்கள். பல டீம்களில் அந்தக் கணக்கு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அதை எதிர்த்துப் பேச ஏன் யாரும் வாய் திறப்பதில்லை என்றால், அடுத்த 'டிஸ்கஷன்' அழைப்பு தனக்கு வரும் என்ற பயம்தான். வீட்டுக் கடன் இ.எம்.ஐ. ஓடும்போது அந்தப் பயத்தை மீறுவது லேசல்ல.

2021-ல் ஜவுளிக்கடை ஊழியர்கள் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கிறார்கள் என்பதற்காக, இதே கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி அவர்களுக்கு உட்காரும் உரிமையைக் கொடுத்தது தமிழ்நாடு. 2023-ல் 12 மணி நேர வேலை மசோதாவை எதிர்ப்பைக் கேட்டுத் திரும்பப் பெற்றதும் தமிழ்நாடு அரசுதான். கேட்டால் காது கொடுக்கும் வழக்கம் இங்கே இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் கேட்கிறேன்.

அந்தக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் இன்னொரு பிரிவைச் சேருங்கள். ராஜினாமா கொடுத்தவர் ஏழு நாள் கழித்து, அலுவலகத்துக்கு வெளியே இருந்து, தன் சொந்த மெயிலில் உறுதி செய்தால்தான் அது செல்லுபடியாக வேண்டும். அதுவரை திரும்பப் பெறும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். சம்பளமும் லாகினும் நிற்கக் கூடாது. உண்மையிலேயே வேறு வேலைக்குப் போகிறவருக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை, அவர் எப்படியும் 90 நாள் நோட்டீஸில்தான் இருக்கிறார். அப்புறம், ஒவ்வொரு காலாண்டிலும் எத்தனை பேர் ராஜினாமா செய்தார்கள், அதில் பெஞ்சில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கைப் பெரிய நிறுவனங்கள் உங்கள் துறையிடம் தர வேண்டும்.

சட்டத் திருத்தத்துக்கு நாளாகும் என்று தெரியும். அதற்கு முன்னால் ஒரு சுற்றறிக்கை போதும்: மிரட்டி வாங்கிய ராஜினாமா என்று ஊழியர் புகார் கொடுத்தால், அதை 41-வது பிரிவின் கீழ் பணிநீக்கமாகவே எடுத்து விசாரிக்க வேண்டும் என்று உங்கள் அலுவலர்களுக்கு எழுதுங்கள். என் டீமில் இருந்த அந்த நண்பர் அன்றைக்கே புகார் கொடுக்கப் போனார். நீங்களே ராஜினாமா செய்திருக்கிறீர்களே என்று சொல்லி, மனுவை வாங்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஓ.எம்.ஆரில் பணிபுரியும் ஓர் ஐ.டி. ஊழியர்