அரையா, முக்காலா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் அறிவியல் இணைப்பில் வந்த குவாண்டம் கட்டுரை, ஒரு பரிமாண அமைப்பின் ஆற்றல் மட்டங்களுக்கு ஒரே விதியைத் தந்திருக்கிறது: ஒரு முழுச் சுற்றுக்கு உந்தத்தின் தொகையீடு, மட்ட எண்ணுடன் ½ கூட்டி பிளாங்க் மாறிலியால் பெருக்கிய மதிப்பாக இருக்க வேண்டும். அந்த ½ எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை. அதனால் மாணவர்கள் எல்லாக் கணக்குக்கும் அதையே போடுவார்கள்.

துகள் திரும்பும் இடத்தில் உந்தம் சுழியாகிறது, அலைநீளம் எல்லையின்றி நீள்கிறது. அந்த விதியைத் தரும் தோராய முறையான டபிள்யூ.கே.பி. முறை, அலைநீளம் மெல்லத்தான் மாறும் என்று நம்பி நிற்பது. அது அங்கே உடைகிறது. அந்த இடத்தை மட்டும் ஏய்ரி சார்பால் (நேர்கோட்டுச் சாய்வில் அலைச் சமன்பாட்டின் துல்லியத் தீர்வு) இணைத்தால், திரும்பும் அலையின் கட்டம், அதாவது அலை தன் சுழற்சியில் இருக்கும் நிலை, 90 பாகை பின்தங்குவது தெரியும். முழுச் சுற்று 360 பாகை என்பதால் கணக்கில் அது ¼. இரு பக்கமும் நிலையாற்றல் சாய்வாக ஏறினால்தான் ½. ஊடுருவ முடியாத செங்குத்துச் சுவரில் அலை சுழியாகியே தீர வேண்டும். அங்கே கட்டம் 180 பாகை பின்தங்கும், அதாவது சுவருக்கு ½. ஆக, இரு சுவர்ப் பெட்டிக்கு 1, ஒரு சுவரும் ஒரு சாய்வும் என்றால் ¾. (மட்டங்களை 0-லிருந்து எண்ணும்போது இப்படி. 1-லிருந்து எண்ணினால் ¾ கூட்டுவதற்குப் பதில் ¼ கழிக்க வேண்டும். பாதிக் குழப்பம் இதில்தான்.)

தளத்தின் மேல் புவியீர்ப்பில் துள்ளும் நியூட்ரான் இந்தக் கடைசி வகை. அதன் மட்டங்களைக் காட்டிய பிரான்சின் கிரெனோபிள் நகர ஆய்வு 2002-ல் வெளியானது. அடிமட்டத்தின் துல்லியமான திரும்பு உயரம் 13.7 மைக்ரோமீட்டர். ¾ போட்டால் 13.6 வருகிறது, ½ போட்டால் 10.4. இரண்டாம் மட்டத்தில் ¾ தரும் விடையும் துல்லிய விடையும் 24.0 தான்.

சரியான பின்னத்தைப் போட்டாலும் கீழ்மட்டங்களை நம்பிவிடக் கூடாது. சீரிசை அலையியற்றிக்கு (சுருள்வில்லில் ஆடும் நிறை போன்ற அமைப்பு) எல்லா மட்டங்களும் பிசகாமல் வருவது தற்செயலான கொடை. அதை வைத்து முறையை எடைபோட வேண்டாம். நிலையாற்றல் தூரத்தின் நான்காம் படியாக இருக்கட்டும், நிறை ½, சுருக்கிய பிளாங்க் மாறிலி 1. அடிமட்டம் 1.0604, இம்முறை தருவது 0.8671, பிழை 18 விழுக்காடு. அடுத்தது 3.7997-க்கு 3.7519. பதினொன்றாம் மட்டத்திலோ 50.2563-க்கு 50.2402. அடிமட்டத்தில் இரு திரும்பு புள்ளிகளுக்கும் இடையே ஓர் அலைநீளம்கூட அடங்குவதில்லை. பிழைக்குக் காரணம் அதுதான்.

கணினியில் செய்வோருக்கு: தொகையீடு ஆற்றலோடு ஏறிக்கொண்டே போகும் என்பதால், விடை இருக்கும் இடைவெளியைப் பாதி பாதியாகக் குறுக்கும் இருகூறாக்கல் முறையே போதும். ஆனால் எல்லைகளில் வர்க்கமூலம் செங்குத்தாக விழுவதால் பரப்பைச் சரிவகங்களாக வெட்டிக் கூட்டும் சரிவக விதி மெல்லத்தான் சரியான விடையை நெருங்கும். சமச்சீர் கிணற்றில் (துகளை அடைத்து வைக்கும் நிலையாற்றல் பள்ளம்) தூரத்தைத் திரும்பு தூரம் பெருக்கல் கோணத்தின் சைன் என்று மாற்றுங்கள். நான்காம் படிக் கணக்குக்கு 20 புள்ளிகள் தாராளம். கடைசிப் புள்ளியில் கணினியின் தோராயப் பிழையால் வேருக்குள் சிறு எதிர்ம எண் வந்து நிரல் நின்றுவிடக்கூடும். அங்கே சுழியை நேரடியாக எழுதிவிடலாம்.

நடுவே தடுப்புள்ள சமச்சீர் இரட்டைக் கிணறு வேறு கதை. தனித்தனியாகக் கணக்கிட்டால் ஒரே மட்டம் இருமுறை வரும். உண்மையில் துகள் தடுப்பை ஊடுருவுவதால் அது நெருங்கிய இரட்டையாகப் பிளந்திருக்கும். ஆற்றல் நடுத்தடுப்பின் உச்சியை நெருங்கும்போது உள்ளிருக்கும் இரு திரும்பு புள்ளிகளும் ஒட்டிவிடுவதால் ஏய்ரி இணைப்பும் உதவாது. உச்சியைப் பரவளையமாகக் கொண்டுதான் தீர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர்கள் இருவர்